விரல் படாத பழம்

ஒடுகத்தூர்ப் பந்தலடியில்
பனி உலர்ந்து, வெயில் ஏறும் முன்
ஆறு பெட்டி நிரம்ப வேண்டும்.
எட்டு நாளாய்க் கொடிக்குத் தண்ணீர் காட்டவில்லை;
அப்போதுதான் பழம் தாங்குமாம்.

"காம்பைப் பிடி, பழத்தைத் தொடாதே.
மேலே பூத்த வெள்ளை மாவு கலைஞ்சா
வேலூர்க் குளிர்கிடங்கு ஏத்துக்காது"
மேஸ்திரி ஏகாம்பரம்
வரிசைக்கு வரிசை சொல்லிக்கொண்டே போகிறார்.

வெடித்ததைக் கத்தரித்துக் கழித்து
தாள் விரித்த பெட்டியில்
காம்பு மேலாக அடுக்குகிறேன்.

ஒரு பழத்தில்
கட்டைவிரல் பட்டுவிட்டது.
தூக்கிப் பார்த்தேன்.
சுழி சுழியாய், தெளிவாய்
என் ரேகை.

ரேஷன் கடை மெஷின்
மூன்று மாதமாய்
யாரென்று தெரியவில்லை என்ற
அதே விரல்.

தின்றால் கூலியில் பிடிப்பார்கள்.

தின்றேன்.
கொட்டையைக்கூடத் துப்பவில்லை.