கை எட்டாத இடம்

ஞாயிறு காலை, கொழும்புத்துறைத் தகரக் கொட்டகைக்குள்
என் மனுசன் சாட்சி சொல்கிறார்.
ஒலிவாங்கி இரைகிறது. நாற்பத்திரண்டு பேர்.
நான் எண்ணவில்லை, அவர்தான் எண்ணுவார்.
ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியதும்
உதடு மட்டும் அசையும்:
எக்காய், தெக்காய், துனாய்.
பன்னிரண்டு வருடம் விடியவும் பொழுதுபடவும்
குந்தியிருந்து எண்ணிக்கை கொடுத்த வாய்.

சபைக்கு அவர் சொல்வது வெளிச்சத்தை.
இருட்டறை, நடுச்சாமம், பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்.
முன்வாங்கு பெனடிக்ரா ரீச்சர் கண்ணைத் துடைப்பா.
பிழையில்லை. குரலும் வந்திருக்கும்.
எனக்குச் சொன்னது வேறு,
கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம்,
கரண்ட் போன ஓர் இரவு:

சிரங்கு.
வெலிக்கடையில் நூற்றுப்பத்துப் பேர் அடுக்கிக் கிடந்த வாட்டில்
முதுகின் நடுவே, இரண்டு கையும் எட்டாத இடத்தில்
சீழ் கட்டின சிரங்கு.
தேய்த்துத் தேய்த்துச் சுவரில் ஒரு கறை,
அவர் உயரத்துக்கு.
பக்கத்துப் பாய்க்காரன் லயனல், காசோலை மோசடி,
கேட்காமலே கந்தகக் களிம்பைத் தொட்டு
இருபத்தாறு நாள் தடவினான்.
இவர் ஒருநாள் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டாராம்,
"அருவருப்பா இல்லையா?"
"இருக்கு" என்றானாம்.
தடவிக்கொண்டே இருந்தானாம்.

"அந்த 'இருக்கு' எண்ட சொல்லுக்குள்ளதான்
நான் ஆண்டவரைக் கண்டது.
மேடையில சொன்னா ஆர் கை தட்டுவினம்?"

வெளியே வந்து ஞானஸ்நானம்.
எங்கள் கடலோ முழங்காலுக்கு மேல் வராத கடல்.
பாஸ்டர் அரை மைல் நடத்திப் பார்த்தும் ஆழமில்லை,
கடைசியில் சேற்றில் இருத்தித்தான் முழுக்காட்டினார்.
கரையில் நின்ற நண்டுக்காரர் சிரித்தார்கள்.
இவரும் சிரித்தாராம், வாயெல்லாம் உப்பு.
பேர் மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றார்.
"கமலேந்திரன் செய்ததைக் கமலேந்திரன்தான் காவ வேணும்."

செய்தது என்னவென்று ஊருக்கே தெரியும்.
தவறணையில், ஒரு போத்தல் கள்ளுக் கணக்கில்,
இரத்தினகோபாலின் விலாவில் ஒரு குத்து.
கோட்டில் ஒரு சாட்சியும் இல்லை.
நின்ற பதினொரு பேரும் அந்த நேரம் பார்த்து
மூத்திரம் பெய்யப் போயிருந்தார்கள்.
இவரே கையை உயர்த்தினார்.
அதுதான் முதல் சாட்சி என்பேன் நான்,
சபையில்லாத சாட்சி.

புதன்கிழமைகளில் சைக்கிளில் யாழ்ப்பாணச் சிறைக்குப் போவார்,
சவர்க்காரம், பற்பசை, களிம்பு டப்பா.
அங்கே பிரசங்கம் குறைவு.
"ஆருக்குக் கடி?" என்று கேட்டு
சேட்டைக் கழற்றச் சொல்வார்.
திரும்பி வரும்போது கையில் கந்தக மணம் போகாது.
ஒருநாள் சொல்லிவிட்டேன், எனக்கு அருவருப்பாக இருக்கிறதென்று.
"இருக்கட்டும். சோத்தைப் போடு."

எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் அவர் திறப்பதில்லை.
சாத்தியிருந்தால் முன்னால் நிற்பார்,
யாரோ திறப்பார்கள் என்று, கிணற்றடிக் கதவுக்கும்.
அரியாலையில் தவமலரின் படலைக்கு முன்னாலும் அப்படித்தான்,
வருடத்தில் ஒருநாள், அந்தத் திகதியில்,
ஒன்பது வருடம்.
அவள் ஜன்னலைச் சாத்துவாள். இவர் திரும்புவார்.

போன மாசியில் அவள் முற்றத்துக்கு வந்தாளாம்.
கையில் விளக்குமாறு.
மன்னிப்பென்று ஒரு சொல் இல்லை.
"காத்துக்குப் படலை திறந்திட்டுது, ஆடு வந்திடும்.
கொழுவிப்போட்டுப் போ."
கொழுவிப்போட்டு வந்தார்.
வந்து, தேத்தண்ணி ஆறும்வரை
தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.
நடுவில் வெள்ளையாய்ப் பழைய வடு.
கையை வைத்தேன்.
நித்திரையில் எண்ணிக்கொண்டிருந்தார்.
நாற்பத்திரண்டு கடந்தும் ஒருவரை எண்ணினார்.
நான் கையை எடுக்கவில்லை.