ஐந்நூறு மைல்

ஆயில் குச்சியை உருவினால்
பால் விட்ட தேநீர் நிறம்.
ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.
மொன்டானாவில் பிப்ரவரி;
மாடுகளுக்கு வைக்கோல் ஏற்ற
வெர்னாவிடம் வேறு பிக்கப் இல்லை.

டார்க் ரெஞ்சு ஓரினிடம் இருக்கிறது.
வேலித் தகராறு, ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
போய்க் கேட்டாள்.
ரெஞ்சைத் தனியே அனுப்பமாட்டாராம்,
கூடவே வந்தார்.

ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால்
இரண்டாம் மூன்றாம் சிலிண்டர் நடுவே
நகத்தளவு கருகல்.
இதற்கா அத்தனை வெண்புகை.

நடுவிலிருந்து வெளியே, போல்ட் போல்ட்டாக,
அவள் எண் சொல்ல அவர் முறுக்கினார்.
ஏழு.
டக்.
எட்டு.
டக்.
பதினொன்றா பன்னிரண்டா, தப்பிவிட்டது.
யார் தப்பென்று கேட்காமல்
மறுபடி ஒன்று.

இருட்டியபின் டீசல் இருமிப் பிடித்தது.
ஓரின் போயிருந்தார்.
ரெஞ்சு பெஞ்சின்மேல்.
ஐந்நூறு மைல் ஓடியதும்
திரும்ப முறுக்க வேண்டுமாம்.