மீதி ஐம்பது

மல்லாவிச் சந்தையில் கடைக்கு நாளொன்றுக்கு நூறு.
ஐம்பதாக்கினால் கடை இரட்டிக்கும்,
பவுசர் வாங்கிய கடன் தானாய்க் கரையும் என்றார் தவிசாளர்.
கூட்டக் குறிப்பில் 'தானாய்' என்பதை
ஏனோ இரண்டுதரம் எழுதி
ஒன்றை வெட்டினேன்.

ஆவணியில் நாற்பத்தொரு கடை,
மார்கழியில் நாற்பத்தேழு.
புதிய ஆறில் நாலு
பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்து
வேலி தாண்டி வந்தவை.
ஒன்று கருவாடு, இரண்டு கிழமையில் மூடியது.
மற்றது யோகநாயகியின் மரவள்ளிக் கிழங்கு.
"ஐம்பது எண்டபடியால்தான் வந்தனான்."
பொய்யில்லை.
அவளுக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போது மட்டும்
தவிசாளரை நம்பினேன்.

நாலாயிரத்து நூறு விழுந்த நாளேட்டில்
இப்போது இரண்டாயிரத்து முந்நூறு.
வங்கிக் கடிதத்தில் தவணை
ஒரு சதம் குறையவில்லை.
டீசல் இல்லாத பவுசர்
சபை வளவில்,
அதன் நிழலில் நாய்.

"தம்பி, சந்தைக்குத் தண்ணி எப்ப வரும்?"
யோகநாயகி நூறு நீட்டினாள்.
மீதி ஐம்பதைக் கொடுத்தேன்.
அதோடு இன்னும் இருபது சேர்த்து
தவபாலன் கடையில்
போத்தல் தண்ணி வாங்கினாள்.

அதற்குப் பற்றுச்சீட்டு
நான் எழுதுவதில்லை.