மூன்று தடவை

ஐந்தரைக்கு மஸ்கெலியா,
ஐந்து நாற்பதுக்கு பொகவந்தலாவை,
ஆறுக்கு நாவலப்பிட்டி.
அட்டன் பஸ் நிலையத்தில் பதினாறு வருசமாக
மற்றவர்களுடைய நேரத்தை எழுதுகிறவன் நான்.
"ரெண்டே நிமிசம் சார்" என்று கெஞ்சாத டிரைவர் இல்லை.
நான் விசில் அடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் கடைசிச் சுற்று.
எதிரே வெலிமடை வங்கிக் காசாளர் தினுஷி,
ஸ்வெட்டர் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டிருந்தாள்.
என் கடிகாரத்தில் பதினொரு செக்கன்.

குதிரை பாய்ந்தது.
குதிரையாலும் செக், பின்னாலிருந்த ராணியாலும் செக்.
அவளுடைய ராஜா மூலைக்கு ஒதுங்கினார்.
முன்னால் இரண்டு சிப்பாய்கள்,
ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஓரடி எடுத்து வைக்காதவர்கள்.
பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்,
அதற்கு இரண்டு கட்டம் தள்ளி யானை.

ஒன்பது.
தோற்காமல் போனால் போதும் என்றது கை.
குதிரையைத் திருப்பினேன், செக்.
ராஜா வெளியே வந்தார்.
மறுபடி பாய்ச்சல், மறுபடி மூலை.
ஆறு.
மறுபடி.
நாலு செக்கன் மிச்சமிருக்க
மூன்றாம் தடவையாக அதே படம்.
"ட்ரோ" என்றேன்,
நானேதான்.

அவள் உடனே கை நீட்டினாள்.
அந்தக் குளிரில் அவள் கை நனைந்திருந்தது.
அதையும் நான் கவனிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டின் மூலை கிடைத்தது.
முன் சீட்டில் இரண்டு பேர், ஏறியதிலிருந்து தூக்கம்.
பக்கத்து இடம் காலி.
நானுஓயாவில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்,
தலவாக்கலையில் இறங்கிப் போனார்.
அவர் எழுந்த சூடு ஆறுவதற்குள்
இரண்டு சீட் தள்ளி நின்ற ஆள்
லீக்ஸ் மூட்டையோடு அங்கே விழுந்தார்.
"பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க!"
போக எங்கே இருக்கிறது?
முழங்காலை மடக்க இடமில்லை.
ஒரு பொடியன் ஆட்களைத் தாண்டிக் குதித்து
என் கால்மேல் இறங்கினான்.

அப்போது தெரிந்தது.

ராணியைக் கொடுத்திருக்க வேண்டும்,
அந்தக் காலிக் கட்டத்தில்,
ராஜாவின் தோளை உரசிக்கொண்டு.
குதிரை காவல் நிற்பதால் ராஜா தொட முடியாது.
யானை ஓடிவந்து தின்னும்.
தின்றுவிட்டு அங்கேயே நிற்கும்.
பிறகு குதிரை ஒரே ஒரு தடவை
திரும்பினால் போதும்.
நான் மூன்று தடவை பாய்ந்து இரண்டு தடவை திருப்பிய அதே இடத்துக்கு!
சொந்த ஆட்களுக்கு நடுவில்
மூச்சுவிட ஒரு கட்டம் இல்லாமல் ராஜா.

கொட்டகலை வரை கண்ணாடியில் மூச்சுப் படரவிட்டு
விரலால் கட்டம் கீறினேன்.
ராணி, யானை, குதிரை.
அழித்தேன், கீறினேன்.
ஒவ்வொரு தடவையும் வென்றேன்.
லீக்ஸ்காரர் கேட்டார்: "ஏதும் கணக்கா தம்பி?"

பிறகுதான் அந்த ஈரக் கை நினைவுக்கு வந்தது.
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
மூன்று தடவையும் தெரிந்துகொண்டு
பலகையைப் பார்க்காமல்
மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திங்கள், ஐந்து இருபத்தொன்பது.
மஸ்கெலியா டிரைவர் பிச்சைமுத்து ஓடி வருகிறார்:
"சார், ஒரு பிளேன்டி, ரெண்டே நிமிசம்."
"பதினொரு செக்கன் தாறேன்" என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தபடி
கடைக்குள் போய்விட்டார்.
விசில் வாயில் இருக்கிறது.