ஸ்டே கம்பி ஓரம்

கொழிஞ்சாம்பாறை தாண்டி, கால்வாய்க்கு மேற்கே
குத்தகைக்கு எடுத்த அறுபது சென்ட் செவல்.
வருசத்துக்கு இரண்டு தடவை ரோட்டவேட்டர்,
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
ஓட்டி முடித்ததும் மண் சலித்த ரவை மாதிரி கிடக்கும்;
கை விட்டால் மணிக்கட்டு வரை போகும்.
அதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

மின்கம்பத்தின் ஸ்டே கம்பி பக்கம்
சகாயராஜ் டிராக்டரைத் திருப்ப மாட்டான்.
பாய் விரிக்கிற அளவு இடம், பல வருசமாய் ஓட்டாதது.
அங்கே மட்டும் கடப்பாரையால் குத்தி
அதே நாள், அதே நேப்பியர் கரணையை நட்டேன்.
மீந்துபோனதை வீசவா முடியும்?

மார்ச் கடைசியில் கால்வாயை அடைத்தார்கள்.
ஒன்பதாம் நாள் வயல் முழுக்க இலை சுருண்டது
பீடி சுற்றின மாதிரி.
கம்பத்தடி மட்டும் அரிவாளைக் கேட்டு நின்றது.

ஒரே மூட்டை உரம், ஒரே தொழுவத்துச் சாணி.
கரண்டு கசிகிறது என்றார் இஞ்ஞாசி.
அவருக்கு எதுவும் கரண்டுதான்.

ஞாயிறு, பூசை முடிந்து வந்து, குழி வெட்டினேன்.

ஓட்டின வயலில்
ஒரு சாண் வரை மண்வெட்டி வெண்ணெயில் இறங்கிற்று.
பிறகு ணங்.
கல் இல்லை. தட்டு.
கத்திகள் சுழன்று சுழன்று அடியில் மெழுகி வைத்த தரை.
அதுவரை வந்த வேரெல்லாம்
பூட்டின ரேஷன் கடை முன்னால் ஆட்கள் மாதிரி
பக்கவாட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தன,
தடித்து, முனை மழுங்கி.
ஒன்று மட்டும் விரிசல் தேடி
முழம் தூரம் படுத்தே போயிருந்தது.
கிடைக்கவில்லை.

கம்பத்தடியில் மேல்மண்ணே கெட்டி.
கெட்டிக்குள் துளைகள்:
மண்புழு போன வழி,
முந்தின புல்லின் வேர் மக்கிக் கழன்ற வழி.
செத்த வேர் காலி செய்த பொந்துக்குள்
வெள்ளை வெளேரென்று புது வேர்
வாடகை இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
நாலடியில் குழி என் மார்பைத் தொட்டது.
தையல் டேப்பில் இன்னும் ஓரடி இருந்தது, வேரிலும் இருந்தது;
எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போனது.
அடிமண்ணைப் பிடித்தேன். பிடி கொழுக்கட்டையாய் நின்றது.

அந்தச் சுருண்ட புல்லுக்குக் கீழேயும்
இதே ஈரம் இருந்திருக்கும்.
நடுவே நாலு விரற்கடைத் தட்டு.

சாயங்காலம் பால் சொசைட்டிக்கு வேரைக் கொண்டுபோனேன்.
செயலாளர் லாக்டோமீட்டரை விட்டு நிமிராமல்
‘இது புல்லின்டெயோ, தெங்ஙின்டெயோ’ என்றார்.

சகாயராஜுக்குப் போன் போட்டேன்.
உளிக்கலப்பை வேணும், கீறினால் போதும், புரட்டாதே.
பொள்ளாச்சியில் ஒருத்தரிடம் இருக்கு என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
‘ஓட்டின மாதிரியே தெரியாதேக்கா?’

தெரியாது என்றேன்.

கம்பத்தடிக் குழியை இன்னும் மூடவில்லை.
மாடு விழுந்துவிடும் என்று
இஞ்ஞாசி தினமும் சத்தம் போடுகிறார்;
போட்டுவிட்டு, ஓரத்தில் குந்தி
எட்டிப் பார்க்கவும் பார்க்கிறார்.