ஒரு நூல் உயரம்

ஒன்பது மணிக்குப் புதுமணச் சோடி.
முன்பணம் வாங்கியாயிற்று, லீசிங்காரனுக்குப் போயுமாயிற்று.
பாசிக்குடாக் கரையில் எங்கள் ஜெட் போட்
சாவி திருப்பினால் ஒருதரம் இருமும்,
மறுகா கீச்சென்று ஒரு சத்தம்,
மறுகா ஒண்ணும் இல்லை.

நேற்று வாழைச்சேனை ஆற்றில் ஆற்றுவாழை சுற்றி
பம்புக்கு மூச்சு முட்டியது.
பின்தட்டு மூடியைக் கழற்றி, தோள்வரை கையை விட்டு
வேரும் தண்டும் யாரோ தொலைத்த செருப்பு வாரும்
இழுத்தெடுத்தவன் நான்.
திரும்ப மூடியவனும் நான்.
கட்டியிழுத்துத்தான் வந்து சேர்ந்தோம்.
காலையில் நுஸ்கி என்னைப் பார்த்த பார்வையில்
வழக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது.

மூடி இருக்கிறது, இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.
விளிம்பிலிருந்து ஒரு நூல் மேலே.
விரலால் தடவினால்தான் தெரியும்.
அடியில் ஒரு சின்னப் பொத்தான்,
அது முழுக்க அமரும்வரை
எஞ்சின் யாரையும் நம்பாது.

"ரிங்தான்" என்றான் நுஸ்கி.
ஓட்டமாவடியில் தண்ணிப் பம்ப் கடையில் வாங்கிய ரிங்,
அளவு கேட்கவில்லை, விலைதான் கேட்டோம்.
கழற்றினோம். ரிங் இல்லாத வெறும் மூடி
அதே ஒரு நூல் உயரத்தில் நின்றது.
ரிங்கிடம் மன்னிப்புக் கேட்காமல்
சேர்ட் பையில் போட்டுக்கொண்டான்.

"வெயிலுக்கு ஊதியிருக்கும்."
மீன் பெட்டிக்குள், ரெண்டு அறுக்குளாவுக்கு நடுவில்
கால் மணித்தியாலம் ஐஸில் கிடத்தினோம்.
குளிர்ந்து வந்தது, வெடிலோடு வந்தது,
ஒரு நூல் குறையாமல் வந்தது.

எட்டு இருபது.
அரத்தை எடுத்தேன்.
கறுப்புத் தூள் தொடையெல்லாம் கொட்டச்
சுற்றிவரத் தேய்த்தேன், போட்டுப் பார்த்தேன், தேய்த்தேன்.
தேயத் தேய எனக்கு நல்லாய் இருந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் அதற்குள் குப்புறப் படுத்து
போனைப் பல்லில் கடித்து வெளிச்சம் பிடித்து
குழாயின் வாயை விரலால் சுற்றி வந்தான்.
மூடி குந்துகிற படியில்
ஒரு மட்டிச் சிப்பித் துண்டு,
நகத்தளவு,
நேற்று என் கையோடு மேலே ஏறி
பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

நெம்பி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான். ஒன்றும் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

இப்போது மூடி இறங்கியது, டொப்.
பொத்தான் அமர்ந்தது, எஞ்சின் உறுமியது,
மூடி ஆடியது,
நான் தேய்த்த அளவுக்குச் சரியாக.

சைக்கிள் ரியூபில் ஒரு கீலம் வெட்டிச் சுற்றி
கிறுக்கி இறுக்கினோம்.
சோடி வந்தது. மாப்பிள்ளை
லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழாய்ப் போட்டிருந்தார்.

நாற்பது நிமிடமும் பின்னால் குந்தி
குதிகாலால் மூடியை அழுத்திக்கொண்டிருந்தேன்.
ஏன் அப்படி என்று பெண் கேட்டாள்.
இந்தக் கடலில் இப்படித்தான் என்றேன்.
நுஸ்கி கிறுகிப் பார்த்தான்,
ஒரு நூல் சிரித்தான்.