மஞ்சாடிக் கணக்கு

நாள் முழுக்கச் சாங்கியில் நின்று
பிறரைக் காலணி கழற்றச் சொல்பவள் நான்.
தட்டுகளில் ஊர்ந்து போகும் பூட்ஸ், சப்பாத்து, குதிகால் செருப்பு.
காலுறைக் கிழிசலில் எட்டிப் பார்த்துக்
கூச்சத்தில் மடங்கும் பெருவிரல்கள்.
என்னை யாரும் கழற்றச் சொன்னதில்லை,
போன மாதச் செவ்வாய்க்கிழமை வரை.

"காலுறையும்," என்றாள் ஹுவீ லிங்.
கணைக்காலின் உள்விளிம்பில்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினாள்.
வலி தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி,
முடியும் இடத்தில் ஒரு புள்ளி,
நீலப் பேனாவில்.
நடுவில் ஒரு சாண்.

பிடோக் நீர்த்தேக்கத்தை இரண்டு சுற்று, வாரம் நான்கு நாள்.
டிசம்பருக்குப் பணம் கட்டியாகிவிட்டது.
எலும்பு முறியவில்லை என்றாள் அவள் ஆங்கிலத்தில்.
முறைத்துக்கொண்டிருக்கிறது
என்று நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

தப்பு கணைக்காலில் இல்லையாம்.
பாதம் தூங்குகிறது,
அதன் வேலையையும் சேர்த்து இது பார்க்கிறது.
தெரியாதா எனக்கு?
மூன்றாம் வரிசை ஃபரிடா விடுப்பெடுத்தால்
இரண்டாம் வரிசையில் நான் படும் பாடு.

"பெருவிரலை மட்டும் தூக்கு."
தூக்கினேன்.
ஒருவன் பெயரைக் கூப்பிட்டால்
வகுப்பே எழுந்து நிற்பதுபோல்
ஐந்தும் எழுந்தன.
"பரவாயில்லை. எல்லாருக்கும் இப்படித்தான்."
மெட்டியைக் காட்டி, "இது வேண்டாம் கொஞ்ச நாள்."
சோப்புப் போட்டுக் கழற்றியதில்
விரலைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம் மிச்சம்.
இளமாறன் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை,
சாவி மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டார்.

கோலிக்குண்டை விரலால் பொறுக்கச் சொன்னாள்.
தெம்பனீசில் நள்ளிரவு கோலிக்கு எங்கே போவது?
புளோக்கின் பின்னால், கார் நிறுத்தும் இடத்தில்,
மழைக்குப் பிறகு தார் மேல் சிவப்புச் சிவப்பாய் மஞ்சாடி.
பொன்னை நிறுத்த விதையாம் ஒரு காலத்தில்.
முப்பது எடுத்து வந்தேன், சீருடைப் பையில்.
இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு,
கால் விரலால் மட்டும்.
முதல் இரவு: இரண்டு.
மூன்றாவது குளிர்பெட்டிக்கு அடியில் போய்விட்டது.
உள்ளங்காலில், இருப்பதே தெரியாத ஏதோ ஒன்று
சுருட்டி இழுத்துப் பிடித்தது.
அழுகை வரவில்லை, ஆனால் வரலாம்போல் இருந்தது.

பல் தேய்க்கையில் ஒற்றைக்கால்.
மின்தூக்கி வரும்வரை குதிகால் மேலே,
பிறகு நான்கு எண்ணி, மெல்ல, மெல்லக் கீழே.
அடுத்த வீட்டு ரசாக் கேட்டார்:
"அங்கே மேலே என்ன தெரியுது?"

ஒன்பதாம் இரவு பதினொன்று.
பதினாறாம் இரவு ஏழு. காரணம் தெரியாது.
ஐந்தாம் வாரம், ஒரு நிமிடம் ஓடலாம்
ஒரு நிமிடம் நடக்கலாம் என்றாள்.
நீர்த்தேக்கத்தில் விடியற்காலை.
நான்காவது விளக்குக் கம்பத்தில்
பழைய புள்ளி மெதுவாகக் கதவைத் தட்டியது.
திறக்கவில்லை.
திரும்பி நடந்தேன். டிசம்பர் போகட்டும்.

நேற்று ஒரு பையன்,
அரைக்கால் சட்டை, கணைக்கால் நெடுக நீல ஒட்டுநாடா.
குனிந்து காலணி கழற்றும்போது முகம் சுளித்தான்.
விதிமுறையில் இல்லாததைச் சொன்னேன்:
"விதை பொறுக்கு. விரலால்."
அவன் என்னைப் பார்த்தான்,
தன் பையைப் பார்த்தான்,
தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

அடுத்தவர், என்றேன்.
மேசைக்கு அடியில்
கறுப்புத் தோல் காலணிக்குள்
பெருவிரல் எழுந்தது.
மற்ற நான்கும் அமர்ந்தே இருந்தன.
கடைக்குட்டி மட்டும் லேசாக நெளிந்தது.